கண்ணுக்குள் ஓர் அளவு

 

நோன்பு மாதம் பிறந்ததும் நம்மில் சிலர் செய்துவரும் ஒரு தவறு பற்றி இன்று பேச விரும்புகின்றேன். குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய்க்காக நாள்தோறும் இட்டுவரும் சொட்டு மருந்தை, "பெருநாளுக்குப் பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று அவர்கள் நிறுத்திவிடுகின்றனர். கண்ணில் நோவில்லை, பார்வையிலும் மாற்றம் தெரியவில்லை. ஆகவே, ஒரு மாத இடைவெளி அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றுவதில்லை. அதன் ஆபத்தை உணர, கண்ணுக்குள் நடைபெறுவதை முதலில் அறிதல் வேண்டும்.

கண்ணின் முன்புறத்துத் தெளிந்த படலத்திலும் வில்லையிலும் குருதிக் குழாய்கள் இல்லை. இருந்தால் அவை ஒளியை மறைத்துவிடும். அவற்றுக்கு ஊட்டமளிப்பது கண்ணுக்குள்ளேயே சுரக்கும் ஒரு நீராகும். அழும்போது வழியும் கண்ணீர் வேறு, இது வேறு. கதிராளிக்குப் பின்னால் வளையமாக அமைந்த பிசிருடலின் கலங்களே இதனைச் சுரக்கின்றன. அக்கலங்களின் மென்சவ்வில் நுண்ணிய பம்பிகள் உள்ளன. ஒவ்வொரு பம்பியும் ஒரு சுற்றில் 3 சோடியம் அயன்களை வெளியே தள்ளி, 2 பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கின்றது. வெளியேறிய உப்பைப் பின்தொடர்ந்து நீரும் செல்கின்றது. 1957ஆம் ஆண்டில் இப்பம்பியை இனங்கண்ட டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கௌ, 1997இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பகலில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.5 முதல் 3 மைக்ரோலீற்றர் நீர் சுரக்கின்றது; உறக்கத்தில் அது சுமார் பாதியாகக் குறைகின்றது. இந்த ஏற்ற இறக்கத்தில் அதிரினலின் என்னும் ஹோர்மோனுக்குப் பங்குண்டு. சிறுநீரகத்தின் மேல் அமைந்த சுரப்பியிலிருந்து புறப்படும் அது, குருதிவழி வந்து, அக்கலங்களிலுள்ள வாங்கிகளிற் பொருந்திச் சுரப்பை ஊக்குகின்றது.

நேயர்களே! சுரந்த நீர் அதே அளவில் வடியவும் வேண்டும். வடிகால் தடைப்பட்டால் அழுத்தம் உயர்ந்து, பார்வை நரம்பின் இழைகள் மடியத் தொடங்கும். பெரும்பாலும் ஓரப் பார்வையே முதலிற் குறைவதால் நோயாளி அதனை உணர்வதில்லை. இழந்த பார்வையோ மீள்வதில்லை.

டைமொலோல் போன்ற சொட்டு மருந்து அந்த வாங்கிகளை அடைத்துச் சுரப்பைக் குறைக்கின்றது. இரவில் சுரப்பு ஏற்கனவே தணிந்திருப்பதால், அப்போது அதன் பயன் சிறிதே. ஆகவே, காலையில் இடச் சொன்னதை இஃப்தாருக்குப் பின்னர் இடுவோமென்று நாமாக மாற்றிக்கொள்வதும் சரியன்று. நேரமும் மருந்தின் ஒரு பகுதியே.

நோன்பு முறியுமே என அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி: தொண்டைக்கு வந்ததை விழுங்காதிருந்தால் கண் சொட்டு மருந்து நோன்பை முறிக்காது என, 1997இல் ஜித்தாவிற் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி தீர்மானித்துள்ளது. மருந்திட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்திக்கொண்டால், தொண்டைக்குச் செல்வதும் பெரிதும் குறையும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். அதே வகை வாங்கிகள் சுவாசக் குழாயிலும் இருப்பதால், டைமொலோல் ஆஸ்துமா உள்ளவருக்குக் கடும் மூச்சுத்திணறலை உண்டாக்கலாம். ஒருவரின் மருந்தை மற்றவர் இடலாகாது. அடுத்து, கண் சிவப்புக்கென வைத்தியரைக் கேளாது ஸ்டீரொயிட் சொட்டு மருந்து வாங்கி இடுதல். அது கோர்ட்டிசோல் ஹோர்மோனின் உறவுப் பொருள். வாரக்கணக்கில் இட்டால், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வடிகாலின் தடையைக் கூட்டிக் கண் அழுத்தத்தை உயர்த்துகின்றது.

அன்பர்களே! துளியிலும் சிறிய ஓர் அளவு பிசகினால் பார்வையே போய்விடுகின்றது. நோன்புக்கு முன்பே உங்கள் கண் வைத்தியரிடம் நேர அட்டவணையைக் கேட்டறியுங்கள். வீட்டிலுள்ள வாப்பாவும் உம்மாவும் மருந்தை நிறுத்திவிட்டார்களா என்று இன்றே விசாரியுங்கள்.