நம்பர் யார் பேர்ல இருக்கு?

மண்ணூர்ல ஒரு சின்ன ரீசார்ஜ், ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் கம்பெனி லைன்ல நின்னவ. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம்னு எங்களைச் சுத்தி எந்தப் பக்கம் போனாலும் கம்பெனிதான். வாடகை ரூம்ல இருக்கறது விழுப்புரம், திருவண்ணாமலைப் பொண்ணுங்க, ஒடிசா, பீகார் பசங்க. எல்லாருக்கும் ஒரு நாள் என் கடையில வேலை இருக்கும்.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பொண்ணு வந்தா. "அக்கா, வேற நம்பர் வேணும்"னா. ஷிஃப்ட் வாட்ஸ்அப் குரூப்ல இருநூறு பேர். பஸ் எத்தனை மணிக்கு, நாளைக்கு ஓ.டி. உண்டா, எல்லாமே அதுலதான் வரும். குரூப்ல இருந்தா நம்பர் எல்லாருக்கும் தெரியும். எவனோ ஒருத்தன் போட்டோவைப் பார்த்து நம்பரை எடுத்துட்டான். ராத்திரி வீடியோ கால். பிளாக் பண்ணினா வேற நம்பர்லேர்ந்து வர்றான். குரூப்பை விட்டு வெளியே வந்தா பஸ்ஸை விட்டுடுவா.

"சிம் யார் பேர்லம்மா?"ன்னு கேட்டேன். அண்ணன் பேர்ல. பேங்க், ஆதார், பி.எஃப்., ஜிபே? எல்லாம் அதே நம்பர். 181-க்குப் போன் பண்ணலாமேன்னேன். "அண்ணனுக்குத் தெரிஞ்சா வேலையை விட்டுட்டு வான்னுடுவான்க்கா."

அங்கதான் எனக்கு ஒண்ணு உறைச்சது. நம்ம அடையாளம்னு சொல்ற அந்தப் பத்து இலக்கம், அவ பேர்லயே இல்லை.

ஏன் நம்பரைப் பிடிச்சுக்கிட்டாங்க? 2009-ல வாட்ஸ்அப் வந்தப்போ அது பெரிய வசதி. பாஸ்வேர்டு வேண்டாம், ஒரு எஸ்.எம்.எஸ். வந்தா போதும். போன்ல சேமிச்சு வச்ச ஆளுங்க எல்லாம் தானா வந்து நிப்பாங்க. எழுதப் படிக்கத் திணர்ற எங்க அம்மாவே அதனாலதான் உள்ள வந்தாங்க, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா நம்பரே ஆளுன்னு ஆயிடுச்சு. நம்ம தமிழ்நாட்டு ஸோஹோவோட அரட்டையும் நம்பர் கேட்டுத்தான் உள்ள விடுது. சிக்னல் 2024-ல யூசர்நேம் கொண்டு வந்துச்சு. அடுத்தவங்க கண்ணுல நம்பர் படாம பேசலாம், ஆனா சேர்றதுக்கு நம்பர் வேணும். சுவிட்சர்லாந்து த்ரீமாவுக்கு நம்பரே வேண்டாம். சரி, எங்க ஷிஃப்ட் குரூப் த்ரீமாவுல வருமா?

2021 டிசம்பர் ஞாபகம் இருக்கா? பூந்தமல்லி பக்கம் ஃபாக்ஸ்கான் பொண்ணுங்க தங்கியிருந்த விடுதியில சாப்பாடு சேராம 150-க்கும் மேல பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. செத்துட்டாங்கன்னு வதந்தி பரவி, பொண்ணுங்க சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில உக்காந்தாங்க. நான் அப்போ வேற கம்பெனி. என் ஊர்க்காரப் பொண்ணு ஒருத்தி அந்த விடுதியில இருந்தா, போன் எடுக்கலை. எங்க குரூப்ல "யாருக்காவது தெரியுமா?"ன்னு டைப் பண்ணினேன், அனுப்பாம அழிச்சுட்டேன். கான்ட்ராக்டர் ஆளும் அதே குரூப்ல. நம்பரைப் பார்த்தா நான்னு தெரியும். அவ நல்லாத்தான் இருந்தா, மறுநாள் பேசினா. அந்த ஒரு ராத்திரியை இப்பவும் மறக்க முடியலை.

2025 நவம்பர் 28-ம் தேதி மத்திய தொலைத்தொடர்புத் துறை ஒரு உத்தரவு போட்டுச்சு. எந்த சிம்ல ஆப் திறந்தீங்களோ அந்த சிம் போன்லயே இருக்கணும், இல்லேன்னா ஆப் ஓடக் கூடாது. கம்ப்யூட்டர்ல திறந்து வச்சா ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை தானா வெளியே வந்துடணும். இணைய மோசடியைத் தடுக்கன்னு காரணம் சொன்னாங்க. மோசடி உண்மைதான், என் கடைக்கே பணம் போய் அழுதுக்கிட்டு வந்திருக்காங்க. ஆனா அண்ணன் பேர்ல சிம் வச்சிருக்கறவளை அது இன்னும் இறுக்கிக் கட்டுது. அவன் அந்த சிம்மை முடக்கினா, அவ பேச்சும் அதோட போச்சு.

அந்தப் பொண்ணுக்கு என்ன பண்ணினோம்னா, அவ ஆதார்லயே புது சிம் போட்டோம். பழைய நம்பர் பேங்க், ஓ.டி.பி.க்கு மட்டும். அதுல இருந்த வாட்ஸ்அப் கணக்கை அழிச்சோம். புது நம்பர்ல போட்டோ இல்லை, பேருக்குப் பதிலா ஒரே எழுத்து. தெரியாத நம்பர் கூப்பிட்டா மணி அடிக்காத மாதிரி செட்டிங். ஆறு இலக்க பின் வச்சோம். சூப்பர்வைசர்கிட்ட மட்டும் யாருன்னு சொல்லி குரூப்ல சேர்ந்துட்டா.

இது நடந்து பத்து நாள் கழிச்சு மறுபடி வந்தா. கம்பெனிகள் கைவிட்ட நம்பரை 90 நாள் கழிச்சு வேற ஒருத்தருக்குக் கொடுக்கலாம். இவளுக்கு அப்படி வந்த நம்பர் போல. போனை என் முன்னாடி நீட்டினா. தெரியாத ஒருத்தர்கிட்டேர்ந்து மெசேஜ்: "அம்மா, ஊருக்கு எப்ப வர்ற?"

"என்ன பதில் போடட்டும்க்கா?"ன்னு கேட்டா. உக்காந்து ரெண்டு பேரும் யோசிச்சோம். கடைசியில, "நம்பர் மாறிடுச்சுங்க, அவங்களுக்கு வேற நம்பர்ல கூப்பிடுங்க"ன்னு எழுதி அனுப்பினா. ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. பதில் வரலை.