எதிர்பாராத இடத்தில் ஒரு பனை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பத்து நிமிடம்தான் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

யாரும் நடாமல், தண்ணீர் ஊற்றாமல் நிற்கும் பனையையும் ஈச்சமரத்தையும் நாம் தினமும் கடந்து போகிறோம். அடுத்த முறை நின்று, "இது இங்கே எப்படி வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் கிடைக்கும்.

முதலில், வீடுகளுக்கு நடுவே வரிசையாக நிற்கும் பனைகள். ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், வயல் வரப்பு ஆகிய இடங்களில்தான் நம் பெரியவர்கள் பனங்கொட்டை புதைத்தார்கள். மரம் மண்ணையும் பிடிக்கும், எல்லையும் காட்டும். வயல் மனைகளான பிறகும் பனை மட்டும் நிற்கிறது. வங்கியில் வீட்டுக்கடன் காகிதங்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மனை வாங்கும் பிள்ளைகளிடம், பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்த்த கையோடு பனை வரிசையையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கரை இருந்ததா, தண்ணீர் எந்தப் பக்கம் நின்றது என்று ஊர்க்காரர்களிடம் விசாரிக்கட்டும்.

இரண்டாவது, ஆலமரத்தின் நடுவே தலை நீட்டும் பனை. ஆலுக்குள் பனை முளைத்ததாகத் தோன்றும். உண்மை நேர்மாறு. பனைதான் மூத்தது. பறவை எச்சத்தில் வந்த ஆலம்விதை பனையின் மட்டை இடுக்கில் முளைத்து, விழுது இறக்கி, அதைச் சுற்றிக்கொள்கிறது.

மூன்றாவது, மின்கம்பிக்கும் மதிலுக்கும் கீழே முளைக்கும் ஈச்சங்கன்று. மைனாவும் காகமும் பழத்தைத் தின்று கொட்டையைப் போடும். இரவில் மரநாயும் அதே வேலையைச் செய்யும். ஈச்சையை அடையாளம் காண்பது சுலபம். அதன் சிற்றோலைகள் வாய்க்கால் போல மேல்நோக்கி மடிந்திருக்கும். தென்னையில் கூரை போலக் கீழ்நோக்கி மடிந்திருக்கும். ஈச்சையின் மட்டை அடியில் முள்ளும் உண்டு, குழந்தைகள் ஜாக்கிரதை.

நம் மாவட்டத்துக்கும் பனைக்கும் பழைய உறவு. செய்யாறு வேதபுரீஸ்வரர் கோயிலின் தலமரமே பனைதான். காய்க்காத ஆண்பனைகளைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிக் காய்க்கவைத்தார் என்பது தலவரலாறு. பனையில் ஆண், பெண் தனித்தனி மரம். பூக்கும்வரை எது எது என்று தெரியாது. அதற்கே 12, 15 வருடம் ஆகலாம்.

இப்போது நம் வீட்டு விஷயம். பின்பக்க மதிலோரம், போர்வெல்லுக்கு அப்பால், ஏழு பனங்கன்றுகள் நிற்கின்றன. தெற்கே வடலி என்பார்கள். சிறியவை கோரைப்புல் போலத்தான் இருக்கும். விரல்களைச் சேர்த்து நீட்டியது போல மடிப்பு மடிப்பான, தடித்த இலை இருந்தால் அது பனை. அந்த இடம் முழுவதும் சிமென்ட் தளம் போடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது.

"பிடுங்கி வேறு இடத்தில் வைக்கலாமே" என்று சிலர் கேட்டார்கள். பனங்கொட்டை முளைக்கும்போது முதலில் கீழேதான் போகும். ஆழத்தில் கிழங்கு வைத்த பிறகே இலை மேலே வரும். அதனால் பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம்.

"மதில் வெடிக்குமே" என்றும் கேட்டார்கள். அரசும் ஆலும் வெடிக்கவைக்கும், ஏனென்றால் அவற்றின் வேர் பருத்துக்கொண்டே போகும். பனை வேர் அப்படிப் பருக்காது. கயிறு கயிறாகத்தான் ஓடும்.

வளர்ந்த பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. கன்றைப் பிடுங்குவதை யாரும் கேட்கப் போவதில்லை. அதனால்தான் நாமே யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்கிறேன்.

நான் கேட்பது இதுதான்: மதிலோரம் நான்கு அடி மண்ணைத் தளம் போடாமல் விடுங்கள். மழைநீர் இறங்கவும் அது வழி. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு, துணி கட்டப் போகிறேன். தோட்டக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பேரப்பிள்ளைகளோடு நீங்களும் வாருங்கள். ஏழுக்கு மேல் இருந்தால் அவர்கள் கண்ணில்தான் படும்.