சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள்



கடைகளில் முப்பது, நாற்பது ஆண்டுகள் நின்றே பிழைத்தவர்கள் நம் பெரியவர்கள். இன்று பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழுபவர்களில் நம் அத்தாமார்களும் இருக்கிறார்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர். டாக்டர் நடக்கச் சொல்கிறார், முட்டி விடுவதில்லை. ஆயர் குரோ ஏரிக்கரை இருக்கிறதே என்பீர்கள். மாலையானால் மழையும் இருக்கிறது.

முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள் இவர்களுக்கு ஏற்றது. உடல் எடையை இருக்கை தாங்குவதால் முட்டிக்குப் பளு குறைவு.

நாங்கள் வியாபாரிகள், ஆனாலும் சொல்கிறோம்: விளம்பரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். மிதிக்கப் போகிறவரையே கடைக்கு அழைத்துப் போங்கள். காலைத் தூக்கித் தாண்டாமல் ஏற முடிகிறதா? மிதிகட்டை எட்டப் போகும்போது முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். அதற்கு இருக்கை முன்பின் நகர வேண்டும். காந்தத் தடை உள்ளது சத்தமில்லாமல் ஓடும். திரையில் ஓடும் கலோரிக் கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஹாலில் போடுங்கள். பின்னறைக்குப் போனால் துணி காயப்போடத்தான் உதவும். முதல் வாரம் ஐந்தைந்து நிமிடம் போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடத்துக்கு மெல்லப் போகலாம். இன்சுலின் போடுகிறவர்கள் நோன்பு மாதத்தில் பகலில் மிதிக்க வேண்டாம். நோன்பு திறந்த பிறகு, அதுவும் மருந்தளவை டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொண்டு.