பாலை மணலில் விளையும் கொட்டை



கொட்டை என்றதும் நம் நினைவுக்கு வருவன முந்திரி, வாதுமை, பிஸ்தா முதலியவை. பாலைவனம் என்றதும் நினைவுக்கு வருவன மணலும் வெயிலும் ஒட்டகமும். இவ்விரண்டையும் சேர்த்து எண்ணுவார் சிலரே. ஆயினும், ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள கலஹாரிப் பாலையிலே, மணல்மேடுகளின்மீது கொட்டை மரங்கள் தோப்புத் தோப்பாக நிற்கின்றன. மொங்கோங்கோ என்பது அம்மரத்தின் பெயர். மழை குறைந்த நிலத்தில் அது விளைவது எங்ஙனம்? அந்நிலத்தில் உயிர்கள் பிழைப்பது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் இன்று விடை காண்போம்.

முதற்கண் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். கலஹாரி, போட்ஸ்வானா நாட்டின் பெரும்பகுதியிலும், நமீபியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் சில பகுதிகளிலும் பரந்து கிடக்கிறது. அங்கே மழை அறவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஆண்டுக்கு 150 மில்லிமீட்டர் முதல் 500 மில்லிமீட்டர் வரை, இடத்திற்கேற்பப் பெய்கிறது. புல்லும் புதரும் மரமும் உண்டு. பின் அதனைப் பாலை என்பது ஏன்? பெய்த மழை மேலே தங்குவதில்லை. மணல் அதனை உடனே விழுங்கிவிடுகிறது. ஆகவே ஆண்டின் பல மாதங்களில் குடிப்பதற்கு நீர் கிடைப்பது அரிது.

மணல் விழுங்கிய நீர் என்னவாயிற்று? இங்கேதான் இயற்கையின் நுட்பம் இருக்கிறது. களிமண் நிலத்தில் மழைநீர் மேற்பரப்பிலேயே நின்று, வெயிலால் விரைவில் ஆவியாகிவிடும். ஆழ்ந்த மணலிலோ நீர் விரைந்து கீழே இறங்குகிறது. மேல்மணல் காய்ந்ததும், அதுவே ஒரு போர்வைபோல் கீழுள்ள ஈரத்தைக் காக்கிறது. எனவே, நீண்ட வேர் உடைய மரத்திற்கு மணல் பகையன்று, நண்பனே. கலஹாரியில் ஆழ்கிணறு தோண்டியபோது, ஒருவகை மரத்தின் வேர் 68 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டதென்றால், வேர்களின் ஆற்றலை என்னென்பது!

மொங்கோங்கோ மரம் இத்தகைய ஆழ்ந்த மணலையே விரும்புவது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு; காய்ப்பது பெண் மரமே. மழைக்காலம் முடிந்தபின், ஏப்ரல், மே மாதங்களில் கனிகள் உதிர்கின்றன. மெல்லிய தோல், அதனுள் பஞ்சு போன்ற சதை, அதனுள் கல்லைப் போன்ற ஓடு, ஓட்டினுள்ளே பருப்பு. பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்பு. நான்கில் ஒரு பங்களவு புரதம். யானை அக்கனியை விரும்பி உண்ணும். ஆயினும் ஓட்டை உடைக்க அதனாலும் இயலாது. கொட்டை அதன் சாணத்தோடு முழுமையாக வெளிவந்து, வேறிடம் சேரும்.

இவ்வளவு கடினமான ஓடு எதற்கு? அடுத்த மழை வரும்வரை விதை உலராமலும், விலங்குகளின் பல்லுக்கு இரையாகாமலும் இருத்தல் வேண்டுமன்றோ? முளைக்கும் இளஞ்செடிக்கு வேண்டிய உணவைக் கொழுப்பாகச் சுருக்கி, ஓட்டினுள் வைத்து அனுப்புகிறது தாய்மரம். அதனாலேயே உதிர்ந்த கொட்டை பல மாதங்கள் தரையில் கிடந்தும் உண்ணத்தக்கதாய் இருக்கிறது.

இனிப் பிற உயிர்களைக் காண்போம். பாலையில் பிழைக்கும் வழிகளை மூன்றாக வகுக்கலாம். சேமித்தல் முதலாவது, செலவைக் குறைத்தல் இரண்டாவது, தேடிக் கொணர்தல் மூன்றாவது.

சேமித்தலுக்குச் சான்று சம்மா என்னும் காட்டு முலாம். நம் தர்ப்பூசணிக்கு உறவான அக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரே. வறண்ட மாதங்களில் விலங்குகளுக்கும் மனிதருக்கும் அதுவே தண்ணீர்ப்பந்தல். செலவைக் குறைத்தலுக்குச் சான்று ஓரிக்ஸ் என்னும் நீண்ட கொம்புடைய மான். கடும் வெயிலில் அது வியர்த்து நீரை இழப்பதற்கு மாறாக, தன் உடலின் வெப்பத்தை உயரவிட்டு, இரவின் குளிர்ச்சியில் அதனை வெளியேற்றிவிடுகிறது. தேடிக் கொணர்தலுக்குச் சான்று கௌதாரியை ஒத்த ஒரு மணற்பறவை. அதன் ஆண், தொலைவிலுள்ள நீர்நிலைக்குப் பறந்து சென்று, வயிற்று இறகுகளை நீரில் நனைத்துக்கொண்டு திரும்புகிறது. குஞ்சுகள் அவ்விறகுகளைச் சப்பித் தாகம் தணிகின்றன.

மனிதனோ இம்மூன்றையும் அறிவினால் செய்தான். கலஹாரியின் பழங்குடியினரான சான் மக்கள், தீக்கோழி முட்டையின் ஓட்டில் நீர் நிறைத்து வைத்தனர்; மண்ணுக்குள் மறைந்துள்ள கிழங்குகளைக் காய்ந்த கொடியின் நுனி கண்டே அறிந்தனர். ரிச்சர்ட் லீ என்னும் மானிடவியல் அறிஞர் 1963ஆம் ஆண்டில் போட்ஸ்வானாவின் வடமேற்கிலுள்ள டோபே என்னுமிடத்திற்குச் சென்றார். 1964இல் 28 நாட்கள் அவர்களுடைய உழைப்பைக் கணக்கெடுத்தார். வளர்ந்தோர் உணவு தேடுவதற்கு வாரத்தில் ஏறக்குறைய இரண்டரை நாட்களே செலவிட்டனர் என்றும், மொங்கோங்கோவே அவர்களுடைய முதன்மையான உணவு என்றும் கண்டார். வேட்டையாடி வாழ்வோர் ஓயாத பசியில் உழல்பவர் என்று எண்ணியிருந்த அறிஞர் உலகம் வியப்புற்றது. கொட்டை உடைத்தல், விறகு பொறுக்குதல் முதலியன அக்கணக்கில் சேரவில்லை என்றும், வறண்ட பருவத்தின் கடைசியில் அவர்கள் மெலிவதுண்டு என்றும் பின்வந்தோர் எடுத்துக்காட்டினர். இரண்டும் உண்மையே. பாலை வாழ்வு சுகவாழ்வன்று. ஆனால் அறியாமை வாழ்வும் அன்று.

தோப்பு மேட்டில் இருக்கிறது. நீரோ பள்ளத்தில் இருக்கிறது. அருகிலுள்ள தோப்பின் கொட்டை தீர்ந்தபின், தொலைவிலுள்ள தோப்புக்கு நீரையும் சுமந்தே செல்லுதல் வேண்டும். ஆகவே பாலையில் வாழ்வின் எல்லையை வகுப்பது உணவன்று, நீரே.

இவ்வுண்மை அண்மைக்காலத்தில் நீதிமன்றத்தின் முன்னும் வந்தது. கலஹாரியின் நடுவே, 1961இல் ஒரு வனவிலங்குக் காப்பகம் அமைக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த மக்களை 1997இலும் 2002இலும் அரசாங்கம் வெளியே குடியமர்த்தியது. அவர்கள் நீர் எடுத்த ஆழ்கிணறும் மூடப்பட்டது. 2006இல் போட்ஸ்வானா உயர்நீதிமன்றம், அவர்களை வெளியேற்றியது சட்டத்திற்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் நீரின்றித் திரும்பி வாழ்வது எங்ஙனம்? 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கிணறு தோண்டிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று கூறிய பின்னரே அவ்வினாவுக்கு வழி பிறந்தது. நிலத்தில் இருக்கலாம், நீர் மட்டும் கூடாது என்பது, இருக்கக் கூடாது என்பதற்கு ஒப்பாகும்.

மாணவர்களே! தேசப்படத்தில் பாலைவனத்திற்கு மஞ்சள் வண்ணம் தீட்டுகிறீர்கள். அதனை வெற்றிடம் என்று கருதிவிடாதீர்கள். அங்கே வேர் நீரைத் தேடுகிறது. ஓடு உயிரைக் காக்கிறது. தந்தைப் பறவை இறகிலே நீர் சுமக்கிறது. எந்தக் கொடியின்கீழ் எந்தக் கிழங்கு உண்டு என்பதை ஒரு தாய் தன் மகளுக்குக் கற்பிக்கிறாள். அதுவும் கல்வியே. ஒரு நிலத்தைப் பயனற்றது என்று சொல்லுமுன், அங்கு வாழ்வோர் அதனைப்பற்றி என்ன அறிந்திருக்கிறார்கள் என்று கேட்பது கற்றவர் கடமை.