கார்த்தேஜும் பழையாறையும்

கூத்தாநல்லூரிலிருந்து பேசுகிறேன். கல்கி பிறந்த புத்தமங்கலமும் எங்கள் ஊரும் பழைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்தவை. அதனாலோ என்னவோ, கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவல் பற்றிப் பேச்சு வந்தால் எம்.ஜி.ஆர். எடுக்காமல் போன படத்தை நினைத்து எனக்கு இன்னும் மனசு ஆறுவதில்லை.

1958இல் 10,000 ரூபாய்க்கு அந்த நாவலின் உரிமையை வாங்கினார். பத்மினி, சாவித்திரி, வைஜெயந்திமாலா, ஜெமினி கணேசன் என்று பெரிய நட்சத்திரக் கூட்டம். படப்பிடிப்பு தொடங்குமுன் எம்.ஜி.ஆர். விபத்தில் அடிபட்டார். பிறகு உரிமையைப் புதுப்பித்தும் படம் வரவில்லை. மணிரத்னம் எடுத்து முடித்தது 2022, 2023இல்.

இப்படி நின்றுபோன கதை ரஷ்யாவிலும் நடந்திருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளாபேர் 1862இல் 'சலாம்போ' என்ற சரித்திர நாவலை வெளியிட்டார். கூலி கிடைக்காத படைவீரர்கள் கார்த்தேஜ் நகரத்தை எதிர்த்துக் கிளம்பும் கதை. அடுத்த ஆண்டே, 24 வயது ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி அதை ஓபராவாக்க உட்கார்ந்தார். ஓபரா என்றால் கதையைப் பெரும்பாலும் பாட்டாகவே நடத்துகிற நாடகம். ஆறு பகுதிகள் எழுதி, 1866இல் நிறுத்திவிட்டார். ஆனால் அந்த இசையைத் தூக்கிப் போடவில்லை. தன் மண்ணின் கதையான 'போரிஸ் கொதுனோவ்' ஓபராவில் அதைச் சேர்த்தார். ஜார் மன்னன் சாகும் காட்சியிலும் கார்த்தேஜுக்காகப் பிறந்த இசை கேட்கிறது.

எம்.ஜி.ஆர். படத்துக்குத் திரைக்கதை எழுத வந்தவர் மகேந்திரன். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் எம்.ஜி.ஆர். மேடையில் இருக்கும்போதே தமிழ் சினிமாவின் குறைகளைப் பேசிய மாணவர். கல்கி நாவலின் ஐந்து பாகங்களையும் காட்சி காட்சியாக யோசித்த அந்த உழைப்பும், முசோர்க்ஸ்கியின் இசையைப் போல, வீண்போயிருக்காது என்றே நம்புகிறேன். 1978இல் அவர் 'முள்ளும் மலரும்' படத்தை எடுத்தபோது பொன்னியின் செல்வனில் வரும் பழையாறை அரண்மனையும் இல்லை, இளவரசியும் இல்லை. மலையில் விஞ்ச் என்ற இழுவை வண்டி ஓட்டுகிற காளியும் தங்கை வள்ளியும்தான். உமாசந்திரன் எழுதிய அதன் மூல நாவல், கல்கி பத்திரிகையின் வெள்ளிவிழாப் போட்டியில் பரிசு பெற்றது!

முசோர்க்ஸ்கியின் கையெழுத்துத் தாள்கள் பிழைத்துக் கிடந்ததால்தான், 1980இல் மிலான் நகரில் இத்தாலிய வானொலி இசைக்குழு 'சலாம்போ'வை வாசிக்க முடிந்தது. மகேந்திரன் எழுதிய பக்கங்கள் யாருடைய பீரோவிலாவது இருந்தால், தயவுசெய்து அச்சில் கொண்டு வாருங்கள்.