கண்ணீரோடு மன்றாடிய இறைமகன்

தவக்காலம் 5ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை
(எரேமியா 31:31-34, எபிரேயர் 5:7-9, யோவான் 12:20-33)



ஒரு துக்க வீட்டுக்குப் போகிறோம். கணவரை இழந்த பெண் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்கிறோம். என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆகவே நமக்குப் பழகிப்போன ஒன்றைச் சொல்கிறோம்: "அழாதீங்கம்மா, எல்லாம் ஆண்டவர் சித்தம்."

அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல் அவர் மனத்தில் வேறு விதமாக விழக்கூடும். 'அழுதால் எனக்கு விசுவாசம் இல்லை என்று ஆகிவிடுமா? இவரை எடுத்துக்கொள்ளாதேயும் என்று மருத்துவமனையில் இரவெல்லாம் கெஞ்சினேனே, அது ஆண்டவருக்கு எதிராகப் பேசியதாகுமா?' வெளியே சொல்லாவிட்டாலும் பலர் இந்தக் கேள்வியை உள்ளுக்குள் சுமந்து நடக்கிறார்கள். நாமும் ஒரு நாள் சுமந்திருப்போம். இல்லையென்றால் இனி சுமப்போம்.

இதற்கு விடை இன்றைய இரண்டாம் வாசகத்தில் இருக்கிறது. மூன்றே வசனங்கள். இயேசு இவ்வுலகில் வாழ்ந்தபோது, தம்மைச் சாவிலிருந்து காக்க வல்ல தந்தையிடம் கதறி, கண்ணீர் விட்டு வேண்டினார் என்று எபிரேயர் திருமுகம் சொல்கிறது. இறைமகனாக இருந்தும் துன்பங்கள் வழியாகவே அவர் கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்றும் சொல்கிறது. அழுதவர் யார்? கடவுளின் மகன். கற்றுக்கொண்டவர் யார்? அவரேதான்.

நற்செய்தியைப் பாருங்கள். மண்ணில் விழும் கோதுமை மணி மடிந்தால்தான் பலன் தரும் என்று சொன்ன கையோடு, தம் உள்ளம் கலங்குகிறது என்பதையும் இயேசு வெளிப்படையாகச் சொல்கிறார். மற்ற மூன்று நற்செய்தியாளர்களும் நம்மை ஒலிவ மலை அடிவாரத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். கெத்சமனி என்றால் எண்ணெய்ச் செக்கு என்று பொருள். ஒலிவக் காய்கள் நசுங்கி எண்ணெயாகும் இடத்தில் இயேசு தரையில் விழுந்து கிடக்கிறார். துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலவேண்டும் என்று கேட்கிறார். அப்போது அவர் கடவுளை அழைத்த அரமேயச் சொல் 'அப்பா'. மாற்கு அந்தச் சொல்லை அப்படியே எழுதி வைத்தார். அது நம் வீட்டுப் பிள்ளைகளின் வாயில் வரும் சொல்லாகவே நம் காதில் விழுகிறது.

அன்பார்ந்தவர்களே, இந்தக் காட்சி தொடக்கத்திலிருந்தே பலருக்குச் சங்கடமாக இருந்தது. கடவுள் பயப்படுவாரா? கடவுள் அழுவாரா? அவர் மனிதரைப்போலத் தோன்றினார், அவ்வளவுதான் என்று சிலர் சொன்னார்கள். அந்தியோக்கு நகர் ஆயர் புனித இஞ்ஞாசியார், விலங்கிடப்பட்டு உரோமைக்குக் கொல்லப்படுவதற்காகக் கொண்டுபோகப்பட்டபோது, இந்தத் தவற்றை எதிர்த்துக் கடிதங்கள் எழுதினார். ஆண்டவர் பட்ட பாடு வெறும் தோற்றம் என்றால், நான் சுமக்கும் இந்த விலங்குகளுக்கு என்ன பொருள் என்பதே அவர் கேள்வி. உடல் மட்டும் மனிதருடையது, உள்ளே மனித அறிவுக்குப் பதிலாக இறைவார்த்தையே இருந்தது என்று பிறகு வேறு சிலர் சொன்னார்கள். 451ஆம் ஆண்டு கால்செதோன் பொதுச்சங்கம் இதற்கெல்லாம் தெளிவாகப் பதில் தந்தது: இயேசு கிறிஸ்து உண்மையான கடவுள், உண்மையான மனிதர், இரு இயல்புகளும் ஒன்றோடொன்று கலந்து மாறிவிடவும் இல்லை, பிரிந்து நிற்கவும் இல்லை, பாவம் தவிர மற்றெல்லாவற்றிலும் அவர் நம்மைப் போன்றவர்.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சியது. இயேசுவுக்கு மனித விருப்பம், மனித மனத்தின் சித்தம் என்று ஒன்று இருந்ததா? ஏழாம் நூற்றாண்டில், பேரரசில் பிரிந்து கிடந்த கிறிஸ்தவர்களை ஒன்றுசேர்க்க விரும்பியவர்கள், அவருக்கு ஒரே சித்தம், அது இறைச் சித்தம் என்று சொல்லிவிட்டால் சண்டை தீரும் என்று நினைத்தார்கள். 648இல் பேரரசர் இரண்டாம் கான்ஸ்தான்ஸ், இதைப் பற்றி யாரும் விவாதிக்கவே கூடாது என்று ஆணையிட்டார். திருத்தந்தை முதலாம் மார்ட்டின் அடுத்த ஆண்டே உரோமையில் ஆயர்களைக் கூட்டி அந்தக் கொள்கையை மறுத்தார். 653இல் அவர் கைது செய்யப்பட்டார். 655இல் கருங்கடல் கரையில் நாடுகடத்தப்பட்ட நிலையில் இறந்தார்.

அவரோடு நின்ற துறவி புனித மாக்சிமுஸ். ஏறத்தாழ 80 வயது முதியவர். இயேசுவுக்கு மனிதச் சித்தமும் உண்டு என்று பேசியதற்காக அவருடைய நாக்கை அறுத்தார்கள். எழுதியதற்காக அவருடைய வலக்கையை வெட்டினார்கள். அதே 662ஆம் ஆண்டில், இன்றைய ஜார்ஜியா நாட்டுப் பகுதியில் நாடுகடத்தப்பட்ட இடத்தில் அவர் உயிர் நீத்தார். 680-681இல் கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய பொதுச்சங்கம் அவர் பக்கம்தான் உண்மை இருந்தது என்று காட்டியது. கிறிஸ்துவில் இறைச் சித்தமும் உண்டு, மனிதச் சித்தமும் உண்டு. மனிதச் சித்தம் எதிர்த்து நிற்காமல் இறைச் சித்தத்துக்கு இசைகிறது என்று அது கற்பித்தது.

நாக்கையும் கையையும் இழக்கும் அளவுக்கு இது பெரிய விஷயமா என்று நமக்குத் தோன்றலாம். கெத்சமனிக்குத் திரும்பிப் போவோம். அங்கே இயேசுவின் மன்றாட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலில், இந்தத் துன்பம் வேண்டாம் என்று கேட்கிறார். பிறகு, என் விருப்பப்படி அல்ல, உம் விருப்பப்படி ஆகட்டும் என்று தம்மைக் கையளிக்கிறார். மனித விருப்பம் என்று ஒன்று அவருக்கு இல்லையென்றால், முதல் பகுதி நடிப்பாகிவிடும். இரண்டாம் பகுதிக்கோ பொருளே இருக்காது. விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லாதவர் எதை விட்டுக்கொடுப்பார்?

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். ஏதேன் தோட்டத்தில் கடவுளுக்கு 'முடியாது' என்று சொன்னது மனிதரின் சித்தம். நோய் வந்த இடம் அதுதான். மருந்தும் அங்கேதான் போய்ச் சேரவேண்டும். ஆகவே இன்னொரு தோட்டத்தில், இரத்தம் போன்ற வியர்வை சிந்த, ஒரு மனித உள்ளம் 'ஆகட்டும்' என்றது. நம்மில் ஒருவர், நம் எல்லோருக்காகவும், நம் பயத்தோடேயே அதைச் சொன்னார். தம் சட்டத்தை மனிதரின் உள்ளத்திலேயே எழுதுவேன் என்று எரேமியா வழியாக ஆண்டவர் தந்த வாக்குறுதி அந்த இரவில் நிறைவேறியது.

அப்படியானால் அந்தத் துக்க வீட்டுப் பெண்ணுக்கு நாம் என்ன சொல்லலாம்? முதலில், சாவைக் கண்டு நடுங்குவது பாவமல்ல. பாவமே இல்லாதவர் நடுங்கினார். வேண்டாம் ஆண்டவரே என்று கெஞ்சுவது விசுவாசக் குறைவு அல்ல. இறைமகனே கெஞ்சினார், அதுவும் திரும்பத் திரும்பக் கெஞ்சினார்.

அடுத்து, 'உம் திருவுளம் ஆகட்டும்' என்பது பிறர் நம் வாயில் திணிக்கக்கூடிய சொல் அல்ல. அது முதல் மன்றாட்டுக்குப் பிறகு வரும் இரண்டாம் மன்றாட்டு. இயேசுவே அழுதுதான் அதற்கு வந்து சேர்ந்தார். பல வேளைகளில் நாம் முதல் பகுதியைத் தாண்டிக் குதித்து, இரண்டாம் பகுதியைப் பிறர்மேல் ஏற்றிவிடுகிறோம். ஒருவருக்கு அதற்கு ஒரு வாரம் ஆகலாம், பல ஆண்டுகளும் ஆகலாம். அவசரப்படுத்த நாம் யார்?

மூன்றாவதாக, அந்த இரவில் இயேசு பேதுருவிடமும் யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்டது ஆறுதல் மொழி அல்ல. தம்மோடு விழித்திருக்கும்படி மட்டுமே கேட்டார். அவர்களோ தூங்கிவிட்டார்கள். துக்க வீட்டில் நம்மிடம் கேட்கப்படுவதும் அவ்வளவுதான். பக்கத்தில் உட்காருவோம். அவர் அழட்டும், நாமும் அழுவோம். இலாசரின் கல்லறை அருகே, அவனை உயிரோடு எழுப்பப்போகிறவரே அழுதார் அல்லவா?

திருப்பலியில் காணிக்கை வேளையில், குரு திராட்சை இரசத்தில் ஒரு துளி தண்ணீர் சேர்ப்பதை நாம் பார்த்திருப்போம். அப்போது அவர் தாழ்ந்த குரலில் ஒரு மன்றாட்டைச் சொல்கிறார்: நம் மனித இயல்பில் பங்குபெறத் தம்மைத் தாழ்த்தியவரின் இறை இயல்பில் நாம் பங்குபெறவேண்டும் என்பது அதன் பொருள். இன்று அந்தத் துளி விழும்போது, நாம் வெட்கப்பட்டு மறைத்துவைத்த கண்ணீரையும் அதோடு சேர்த்து ஒப்புக்கொடுப்போம். கிண்ணத்தில் சேர்ந்த துளியை இனி யாரும் பிரித்தெடுக்க முடியாது.

மன்றாடுவோம். ஆண்டவராகிய இயேசுவே, கடவுளாக இருந்தும் நீர் எங்கள் பயத்தை அறிந்தவர். எங்களைப்போல் அப்பா என்று கதறியவர். எங்களால் 'ஆகட்டும்' என்று சொல்ல முடியாத நாள்களில் எங்களோடு தரையில் விழுந்து கிடந்தருளும். அதைச் சொல்லும் வலிமை வரும் நாளில், உம் சொல்லோடு எங்கள் சொல்லையும் சேர்த்துத் தந்தையிடம் கொண்டுசேர்த்தருளும். ஆமென்.