செல்வ நாட்டில் மருத்துவச் செலவு



அமெரிக்கா செல்வத்திற் சிறந்த நாடு. 2023-ஆம் ஆண்டில் அந்நாட்டு மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 17 பங்கிற்கு மேல் மருத்துவத்திற்கே செலவாயிற்று. ஆயினும் 2½ கோடி மக்களுக்கு மேல் அவ்வாண்டில் காப்பீடின்றி இருந்தனர்.

காரணம் யாது? உலகப்போர்க் காலத்தில், 1942-இல், அரசு கூலியுயர்வைக் கட்டுப்படுத்தியது. ஆள் தேடிய முதலாளிகள் கூலியுயர்வுக்கு மாற்றாகக் காப்பீடு வழங்கலாயினர். அவ்வழக்கமே வேரூன்றிற்று. ஆகவே, நோயால் வேலையிழப்போர் பலருக்கு, மருந்து வேண்டும் வேளையிலேயே காப்பீட்டையும் இழக்க நேர்கிறது. 1965-இல் ஜான்சன் கையொப்பமிட்ட சட்டம் 65 வயது நிரம்பிய முதியோருக்கும், வறியோருள் பலருக்கும் துணையாயிற்று. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் பலரைச் சேர்த்தது. இடையில் நிற்போர் இன்னும் உளர்.

பிள்ளைகளை அங்கு அனுப்பும் நாம் சம்பளம் எவ்வளவு என்றே வினவுகிறோம். வேலை போனால் காப்பீடு என்னாகும் என்றும் வினவுவோமாக.